கண் ஆபரேஷனுக்கு ஒத்திகை!

நாடகத்துக்கு ஒத்திகை உண்டு. ஆபரேஷனுக்கு ஒத்திகை உண்டா?

உண்டு. பிரிட்டனில் கண் டாக்டர்களுக்கு இந்த ஒத்திகை நடக்கிறது.

மேஜை மீது பொம்மைக் கண். அதற்கு மேலே மைக்ராஸ்கோப். பக்கத்தில் நர்சு. நோயாளிபோல் ஒருவர் குரல் கொடுப்பார். இளம் டாக்டர் வேலையைத் தொடங்குவார். நடுவில், திட்டமிட்டபடி ஒரு விபரீதம் நேரும்!

உறை கிழிந்தால்?

கண்புரை ஆபரேஷனில், புரை விழுந்த லென்சை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். லென்சைச் சுற்றி ஓர் உறை உண்டு. ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்கு ஆக்கினால், உறையின் பின்பக்கம் மிக மெலிந்த இடத்தில் 4 பங்கு கனம்தான்!

அது கிழிந்தால், பின்னால் உள்ள கூழ் முன்னே வரும். லென்சுத் துண்டு கண்ணின் ஆழத்தில் விழுந்துவிடலாம்.

பதறிய கை, கருவியை வெடுக்கென்று வெளியே இழுக்கும். அதுதான் தவறு! கூழும் கூடவே வந்துவிடும். கையை அப்படியே நிறுத்த வேண்டும். பாகு போன்ற மருந்தை உள்ளே செலுத்திக் கூழைத் தடுத்த பிறகே கருவியை எடுக்க வேண்டும். அடுத்து வேண்டியதை நர்சிடம் தெளிவாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெரும்பாலும் நோயாளி விழித்திருப்பார். மரத்திருப்பது கண் மட்டுமே. "ஐயோ!" என்று டாக்டர் சொன்னால் அது அவர் காதில் விழும். அவர் தலையை அசைத்தால் ஆபத்து!

விமானம் தந்த பாடம்

இந்தப் பயிற்சிக்கு வழிகாட்டியவர்கள் விமானிகள்.

1978 டிசம்பர் 28-ந் தேதி அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகருக்கு அருகே ஒரு பயணி விமானம் விழுந்தது. சக்கரக் கோளாறிலேயே கேப்டனின் கவனம் இருந்தது. எரிபொருள் குறைவதை உடன் இருந்தவர்கள் அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்தது. 10 பேர் மாண்டனர். அதன்பின் விமானிகளுக்குக் கூட்டுப் பயிற்சி வந்தது.

டாக்டர்களுக்கும் இது பொருந்தும் அல்லவா? ஸ்காட்லாந்தில் அபர்தீன் பல்கலைக்கழக மனோதத்துவ நிபுணர்களும், அறுவை டாக்டர்களும் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். நிலைமையை உணர்தல், முடிவு எடுத்தல், பேச்சும் கூட்டு வேலையும், தலைமை தாங்குதல் என்று அதில் நான்கு பகுதிகள்.

கை மட்டும் போதாது

கைப்பழக்கத்துக்குக் கம்ப்யூட்டர் கண் வந்துவிட்டது. பிரிட்டனில் முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சி டாக்டர்கள் செய்த ஆபரேஷன்களில், 2009-ல் 100-க்கு 4.2 வீதம் உறை கிழிந்தது. கம்ப்யூட்டர் பயிற்சி பரவியபின், 2015-ல் அது 2.6 ஆகக் குறைந்தது.

குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மிச்சம் உள்ள அந்த வேளைக்குத்தான் இந்த ஒத்திகை.

ஒத்திகை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். டாக்டர் எப்போது பதறினார்? உதவி கேட்டாரா? நோயாளிக்கு என்ன சொன்னார்? திட்டுவதற்கு அல்ல, திருத்திக் கொள்வதற்கு!

பொம்மைக் கண் கெட்டால் வேறு மாட்டலாம். மனிதக் கண்ணுக்கு மாற்று ஏது?