ஊசி போட்டால்தான் பால் விடுமா?

ஊத்துக்குளி என்றாலே வெண்ணெய், வெண்ணெய் என்றால் எருமை. மூன்று வருசத்துக்கு முன்னால் சந்தையில் ஒரு எருமை பிடித்தேன். வீட்டுக்கு வந்த அன்று மடி நிறையப் பால், ஒரு சொட்டு விடவில்லை. விசாரித்தால், பழைய கட்டுத்தரையில் இரண்டு வேளையும் ஊசியாம். வங்கியில் இருந்தபோது கறவை மாட்டுக் கடன் எத்தனையோ கொடுத்தேன். எத்தனை லிட்டர் என்று கேட்பேன். எப்படிக் கறக்கிறீங்கன்னு ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஊசி ஆக்ஸிடாசின். கன்று முட்டும்போது மாட்டின் உடம்பிலேயே ஊறும் ஹார்மோன்தான் இது. மடியின் நுண்ணறைகளை அழுத்திப் பாலைக் கீழே இறக்கும். எருமைக்குக் காம்புக்கு மேல் தங்கும் பால் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நுண்ணறையில். கன்று செத்தாலோ, ஆள் மாறினாலோ, மிரட்டினாலோ சுரப்பு நின்றுவிடும். அங்கேதான் ஊசி நுழைகிறது. தினமும் போட்டால் ஊசியில்லாமல் பால் விடாது. கர்ப்பப்பையும் சேர்ந்து சுருங்குவதால் வலி வேறு.

பால் பெருக்க, மாட்டுக்குக் கெடுதலான ஊசி போடுவது 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2018-ல் தனியார் இந்த மருந்தைத் தயாரிக்க மத்திய அரசு தடை போட்டது. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தும் உயிர்காக்கும் மருந்தாச்சே என்று டெல்லி உயர்நீதிமன்றம் அதே டிசம்பரில் தடையை ரத்து செய்தது.

ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சியை ஐரோப்பா 1989 முதல் உள்ளே விடுவதில்லை. அங்கே துறைமுகத்தில் தடுக்கலாம். நம்ம கதை வேறு. இது ரத்தத்தில் சில நிமிசத்தில் சிதைந்துவிடும். பாலில் இயல்பாகவும் கொஞ்சம் இருக்கும். பாலைச் சோதித்து ஊசியைப் பிடிப்பது கஷ்டம். ஆகவே காவல் கட்டுத்தரையில்தான்.

என் எருமைக்கு ஊசியை நிறுத்தினேன். ஒரே ஆள், ஒரே நேரம். முதலில் கன்றை ஊட்டவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி நீவிவிட்டு, முன்னால் பருத்திக்கொட்டை வைத்துக் கறந்தோம். முதல் வாரம் பாதிப் பால்கூட வரவில்லை, வீட்டில் திட்டுதான். மூன்றாம் வாரம் தானாகச் சுரப்பு விட்டது.

மாடு வாங்கப் போனால் சாயங்காலம் ஒருதடவை, காலையில் ஒருதடவை கறப்பதைக் கூடவே நின்று பாருங்க. கன்று உசிரோட இருக்கான்னு கேளுங்க. விலை பேசுறது அப்புறம்.