சிறு கல்லூரிகளுக்கு எட்டாத விளையாட்டு நிதி

புது தில்லி: மைசூரின் மண்டி மொஹல்லா போன்ற நெருக்கடி மிகுந்த வணிகப் பகுதிகளிலிருந்து தடகளம் பயில விரும்பும் கல்லூரி மாணவர்கள், சாமுண்டி விஹார் ஸ்டேடியம் போன்ற பொது மைதானங்களையே நாட வேண்டியுள்ளது. சிறு கல்லூரிகள் சொந்த ஓடுபாதை அமைக்க நிதிக்கு எங்கே போவது?

அரசியல் சாசனப்படி விளையாட்டு, மாநிலப் பட்டியலில் உள்ளது. எனினும், 'கேலோ இந்தியா' திட்டத்துக்கு 2021-22 முதல் 5 ஆண்டுகளுக்கு ரூ. 3,165.50 கோடியை மத்திய அரசு அனுமதித்தது. 2025-26 பட்ஜெட்டில் மட்டும் ரூ. 1,000 கோடி ஒதுக்கப்பட்டது. இத்திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு ரூ. 6.28 லட்சம் செலவிடப்படுகிறது. இதில் ரூ. 1.20 லட்சம் கைச்செலவுக்கானது.

ஆனால், 2022-ல் பெங்களூரில் நடைபெற்ற கேலோ இந்தியா போட்டிகளில் களமிறங்கியவை பல்கலைக்கழக அணிகளே. அந்த அணியில் இடம்பெறும் வரை காலணி, சத்துணவு, பயணம் ஆகிய செலவுகள் பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2013-ல் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டமும் தொழில்திறன் பயிற்சியையே நோக்கமாகக் கொண்டது.

ஒவ்வொரு எம்.பி.க்கும் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு ரூ. 5 கோடி உண்டு. அதில் விளையாட்டு வசதிகள் செய்துதர விதிகள் இடம் தருகின்றன. அதைக் கேட்டுப் பெறுவதில் கல்லூரிகளும், கொடுப்பதில் எம்.பி.க்களும் முனைப்புக் காட்டினால், பதக்கக் கனவு மண்டித் தெருக்களையும் எட்டும்.