79-ஆவது பிள்ளை

ஆஸ்திரேலியக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்து. கட்சிக்கு 18 பேர். கையாலும் குத்தலாம், காலாலும் உதைக்கலாம். அங்கே ஆண்டுதோறும் கட்சிகள் இளைஞர்களை முறைவைத்துப் பொறுக்கிக்கொள்கின்றன. இதை 'டிராப்ட்' என்பார்கள். தோற்றுக் கடைசியில் நின்ற கட்சிக்கே முதல் தேர்வு. முதலில் அழைக்கப்படும் பிள்ளைக்குப் படமும் புகழுரையும் உண்டு; கடைசிப் பந்தியில் அமர்பவனுக்கு இலை கிடைத்ததே பெரிது!

1990-ஆம் வருஷம் மெல்போர்ன் நகரத்து எஸ்ஸெண்டன் கட்சி, கான்பெராவிலிருந்து ஜேம்ஸ் ஹர்ட் என்னும் 17 வயதுப் பையனை எடுத்தது. அவனுக்கு முன்னே 78 பேர். நிபுணர்களின் கணக்கு அது. ரஸிகர்களின் கணக்கோ வேறு. அவனுடைய பாட்டனாரும் தகப்பனாரும் அதே கட்சிக்கு ஆடியவர்கள். 'நம் வீட்டுப் பிள்ளை' என்று உரிமை கொண்டாட வேறென்ன வேண்டும்? மேலும், முதலில் வந்தவன் தவறினால் ஏசுகிற கூட்டம், கடைசியில் வந்தவன் பந்தைத் தொட்டாலே கரகோஷம் செய்யும்.

1992-இல் அவர் முதல் ஆட்டம் ஆடினார். 1993-இல் கட்சி வாகை சூடியது. 1996-இல் சிறந்த வீரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தை மைக்கேல் வாஸுடன் பகிர்ந்துகொண்டார்.

2004-இல், நடுவரைப் பழித்துப் பேசி 20,000 டாலர் அபராதத்துக்கு ஆளான சமயம் (நாவடக்கம் எல்லா வீரருக்கும் வாய்ப்பதில்லை), வெஸ்ட் கோஸ்ட் கட்சியோடு ஓர் ஆட்டம். முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை உதைத்தார் ஹர்ட். உடனே தோழர்களிடம் ஓடவில்லை. வேலியோரம் விரைந்து, முன்வரிசையில் நின்ற ரஸிகர் ஒருவரை இறுகத் தழுவிக்கொண்டார்.