கொடைக்கானலுக்கு பிள்ளையார் சுழி போட்டவர்கள் அமெரிக்கர்கள்!

ஊட்டியைப் போல கொடைக்கானலும் ஆங்கிலேயர் உருவாக்கியது என்று நினைக்கிறீர்களா? இல்லை, அமெரிக்கர்கள்! (பளியர்கள் இந்த மலையில் அதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்தார்கள், நான் சொல்வது டவுனை.)

1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளைக் காய்ச்சலும் காலராவும் விடவில்லை. பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். உயிர் பிழைக்கக் குளிர்ந்த இடம் தேடி பழனி மலையேறியவர்கள், 1845-ல் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அப்போது பஸ் ரோடு ஏது? பெரியகுளம் பக்கமிருந்து நடை, குதிரை அல்லது டோலி. மூச்சிரைக்கத் தூக்கியவர்கள் நம்மூர்க்காரர்கள்.

நாம் படகு விடும் நட்சத்திர ஏரி மட்டும் ஆங்கிலேயர் கைவண்ணம். 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கரை கட்டித் தேக்கியது. இயற்கை ஏரியே அல்ல!

மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளிதான், ஏரிக்கு அருகே இன்றும் நடக்கும் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்.