தூளிக்கு ஒரு வளையம்

கும்பகோணத்திலிருந்து உதகமண்டலத்துக்கு எனக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று, எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்ட ஜீவன் ஒன்றே ஒன்று. அது என் மூத்த பெண். ஒன்பதாவது வகுப்பில் படிக்கும் அவளுக்கு உதகை என்றால் சினிமாவில் கதாநாயகி பூந்தோட்டத்தில் ஓடுகிற இடம். என் மனைவி, "அங்கே துணி காயுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். என் தாயார் அதுவும் கேட்கவில்லை. மூட்டுவலி உள்ளவராகையால், தம்பியுடன் கும்பகோணத்திலேயே தங்கிவிடுவது என்று அவர் தாமாகவே தீர்மானித்துக்கொண்டார். குடும்பத்தின் ஐந்தாவது பிரஜையை மட்டும் யாரும் கலந்தாலோசிக்கவில்லை. அவனுக்கு அப்பொழுது வயது ஒன்றே முக்கால்.

ஆனி மாதம் புறப்பட்டோம். ஸாமான்கள் லாரியில் போக, நாங்கள் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 1908-ஆம் வருஷம் உதகை வரை நீட்டப்பட்ட இந்தப் பாதையில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் உள்ள இரும்புப் பட்டை ஒன்று தொடங்குகிறது. எஞ்சின் தன் பல் சக்கரத்தை அதில் பொருத்திக்கொண்டு, பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே மலை ஏறுகிறது. சின்னவனுக்குப் பரமானந்தம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கூ! கூ!" என்று குன்னூர் வரை கத்தினான். அதுதான் அவன் பேசிய கடைசி வார்த்தை என்பது எங்களுக்கு அப்பொழுது தெரியவில்லை.

பேசத் தெரியாத குழந்தையல்ல. அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளை என் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். கிளம்பும்போது முப்பத்திரண்டு இருந்தன. அவற்றில் முதலாவது "பாத்தி", அதாவது பாட்டி. புது வீட்டுக்கு வந்தபின் நோட்டில் ஒரு வரியும் ஏறவில்லை. இருந்தவையும் எங்கோ ஒளிந்துகொண்டன. கையை நீட்டிக் காட்டுவான், அழுவான், தாயின் புடவைத் தலைப்பை விடமாட்டான். இரவில் தூக்கம் இல்லை.

தூக்கம் இல்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பிறந்த நாள் முதல் அவன் தூங்கியது என் தாயாருடைய நூல் புடவைத் தூளியில். கும்பகோணத்து வீட்டு உத்தரத்தில் அதற்கென்றே ஓர் இரும்பு வளையம் உண்டு. நானும் அதில் ஆடியவன்தான். இங்கே மேலே நிமிர்ந்து பார்த்தால் வெள்ளையடித்த பலகை, அதற்கு மேல் தகரம். வளையம் மாட்ட அனுமதி கேட்டேன். பலகையில் துளை போட்டால் மழை ஒழுகும் என்று வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

மலை வாசத்தின் மற்றச் சிரமங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உதகை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் குறைவாகையால், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிர, திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது. இட்டிலி மாவு ஒன்றரை நாளானாலும் பொங்காது. கம்பளி போர்த்தி அடுப்பு மேடையில் வைத்துக் குழந்தையைப் போல் பராமரிக்கவேண்டும். ஆடி மாத மழையில் குழந்தையின் துணிகள் மூன்று நாளானாலும் ஈரம் உலருவதில்லை. 1822-இல் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார்; 1870 முதல் சென்னை ராஜதானி சர்க்காரே கோடைதோறும் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறிற்று. அந்தத் துரைமார்களுக்குத் துணி உலர்த்த ஆயாக்கள் இருந்தார்கள் என்பதை, அவர்களுடைய ஞாபகக் குறிப்புகளைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நிற்க. மூன்றாவது வாரம் என் மனைவி ஒரு முடிவு சொன்னாள். "ஆடி முடிவதற்குள் இவன் வாய் திறக்காவிட்டால் நான் இவனை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறேன். நீங்களும் பெரியவளும் இங்கே சமைத்துச் சாப்பிடுங்கள்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் நிதானமாகச் சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. ஒரு மாலை, மழை ஓயவில்லை. துணி உலர்த்தவும் அறையைச் சூடாக்கவும் கடைத்தெருவிலிருந்து ஒரு கரி அடுப்பு வாங்கிவந்து, என் மனைவி படுக்கை அறையில் மூட்டினாள். குளிர் காற்று புகாமல் ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் கோணிப்பையும் செருகினாள். அரைமணியில் குழந்தை தூங்கிவிட்டது. வந்த நாள் முதல், தூளி இல்லாமல் அவன் தூங்கியது அதுவே முதல் தடவை. எனக்கும் அவளுக்கும் உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வது! அவள் தலைவலிக்கிறது என்று அவன் பக்கத்திலேயே சாய்ந்தாள். நான் கூடத்தில் பரீட்சை நோட்டுகளைத் திருத்தத் தொடங்கினேன்.

அப்பொழுது, அடுத்த வீட்டுப் படகர் கிழவி ஒரு முறத்தில் அவரைக்காய் கொண்டு வந்தார். வெள்ளை முண்டு, தலையில் வெள்ளைத் துணி. அதற்கு முன் நாங்கள் அவரோடு நாலு வார்த்தை பேசியதில்லை. "குழந்தை எங்கே?" என்றார். "கரி அடுப்பு வைத்திருக்கிறோம், சுகமாகத் தூங்குகிறான்" என்றேன். முறம் கீழே விழுந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கதவையும் ஜன்னல்களையும் திறந்து, அடுப்பை முண்டுத் தலைப்பால் பிடித்துத் தூக்கி மழையில் எறிந்தார். திரும்பி வந்து குழந்தையை வாரிக்கொண்டு திண்ணைக்குப் போனார். என் மனைவி தள்ளாடிக்கொண்டே எழுந்து, "இது என்ன அக்கிரமம்!" என்று சத்தம் போட்டாள். கிழவி, "குழந்தை படுக்கிற அறையிலே கரி வைக்கலாமா, அம்மா?" என்றார். அவ்வளவுதான்.

இங்கே நான் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கற்பிப்பது ரஸாயனம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும்; தலைவலியும் மயக்கமுமே அதன் அறிகுறி; வேகமாக மூச்சுவிடும் சிறு குழந்தைகளை அது முந்திப் பிடிக்கும். இவ்வளவையும் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் இந்த மலையில் மறுநாள் எழுந்திராமல் போனதுண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தாய்க்கும் பிள்ளைக்கும் சில மணி நேரம் பிராணவாயு கொடுத்தார்கள். பயமில்லை என்று சொன்ன டாக்டரிடம், என் மனைவி அந்த நிலையிலும் அவன் பேச்சைப் பற்றியே கேட்டாள். அவர் காதுகளைப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பி முகத்தைப் பார்த்தான். "இடம் மாறினால் தூக்கம் கெடுவதும், ஒட்டிக்கொள்வதும், பேச்சுக் குறைவதும் இந்த வயதில் உண்டு. ஆனால் விட்டுவிடாதீர்கள், ஒரு மாதத்தில் பேச்சுத் திரும்பாவிட்டால் கட்டாயம் அழைத்துவாருங்கள்" என்றார். டெலிபோனில் இங்கிலீஷ் பாட்டுகள் போட்டுக் காட்டினால் பேச்சு வருமா என்று என் பெண் கேட்டாள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லி, டாக்டர் அந்த யோசனையை முடித்துவைத்தார். எனக்கு உள்ளூரத் திருப்திதான். தமிழே வாயில் வராத பிள்ளைக்கு இங்கிலீஷ் ஆட்டுக்குட்டி எதற்கு?

மறுநாளே ஊருக்குப் போவதாக இருந்த என் மனைவி, இரண்டு நாள் பொறுத்துப் போகலாம் என்றாள். முதல் நாள் சத்தம் போட்டதற்காக அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. கேட்கப் போனவள் மாலை வரை வரவில்லை. அடுப்படிக்கு மேலே கொடி கட்டி, புகைபோக்கியின் சூட்டில் துணி உலர்த்துகிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தாள். சின்னவனுக்குக் கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும் கிடைத்தன. எங்கள் இட்டிலியைத் துப்புகிறவன் அதைத் தின்றான். இரண்டு நாள் நாலு நாளாயிற்று. தினமும் பகலில் கிழவி அவனை ஒரு துணியால் முதுகில் இறுகக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் களை பறிப்பார். அந்த ஆட்டத்தில் அவன் தூங்கிவிடுவான்.

ஆறாம் நாள், தெளிந்த வெயிலில், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று, "எத்தே!" என்று கூப்பிட்டான்.

படகர்களின் பாஷை கன்னடத்துக்கு நெருங்கியது. அதில் ஹெத்தே என்றால் பாட்டி. மார்கழி, தை மாதங்களில் அவர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகையும் குலத்தின் மூதாட்டி ஒருத்திக்காகத்தான். அந்த வீட்டுப் பேரன்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் கூப்பிட்டிருக்கிறான். என் பெண் ஓடிப்போய், நோட்டில் முப்பத்துமூன்றாவது வார்த்தையாக அதை எழுதினாள். அடுத்த வாரத்துக்குள் பழைய வார்த்தைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆடி முடிந்தது, மூட்டை கட்டப்படவில்லை.

என் தாயாரிடம் சொல்லவேண்டாமா? வந்த புதிதில், டெலிபோன் திரையில் அவர் முகத்தைக் கண்டதும் குழந்தை கருவியைத் திருப்பி அதன் பின்புறத்தில் பாட்டியைத் தேடும்; காணாமல் விக்கி விக்கி அழும். அதனால் முகம் காட்டுவதை நிறுத்தி, குரல் மட்டும் பேசிவந்தோம். இப்பொழுது மறுபடியும் காட்டினோம். அவன் உற்றுப் பார்த்தான். சிரித்தான். "எத்தே" என்றான்.

எதிர்ப்புறம் சற்று நேரம் சத்தமில்லை. "யாருடா அந்த எத்தே?" என்றார் என் தாயார். கதை முழுவதையும் சொன்னேன். கரி அடுப்பையும் மறைக்கவில்லை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிறிது நேரம் கழித்து, "அந்த அம்மாளுக்கு என்ன வயது இருக்கும்?" என்று கேட்டார். எழுபதுக்கு மேல் இருக்கும் என்றேன். "முழங்கால் வலி இல்லையாமா?" என்றார். பிறகு, "பொங்கல் கழித்து வருகிறேன். தூளிப் புடவையை நானே கொண்டுவருகிறேன். வளையத்தை மட்டும் நீ அடித்து வை" என்றார்.

வீட்டுக்காரருக்கு மூன்றாவது கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. தச்சர் வந்து பலகைக்கு மேலே குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்து, பென்ஸிலால் ஒரு குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவதாகச் சொன்னார்.