டைனோ மேடை – 7: ஆறு மடங்கு காற்று

போன வாரம் பிளாக், ஹெட் ஸ்டட், கேஸ்கெட், டவல் பின் வரை வந்து நிறுத்தினோம். இதழைத் தவறவிட்டவர்களுக்கு ஒரே வரி: நம் கையில் இருப்பது 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு கம்மின்ஸ் இன்ஜின்.

இந்த வாரம் வண்டியைத் திறன் அளக்கும் டைனோவில் ஏற்றி டைமிங் வைப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகச் செவ்வாய்க்கிழமை இரவு ஒரு சின்னக் கணக்குப் போட உட்கார்ந்தேன். வாரம் முழுக்க அந்தக் கணக்குதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நம் இலக்கு 1,000 குதிரைத்திறன். 1989-ல் இந்த இன்ஜினின் முந்தைய வடிவம் முதன்முதலாக ராமில் வந்தபோது அதன் திறன் 160. இனி கணக்கு. நல்ல டீசல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தருவதற்கு ஏறக்குறைய 180 கிராம் டீசல் குடிக்கும். ஆயிரத்துக்கு மணிக்கு 180 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 3 கிலோ. ஒரு கிலோ டீசல் எரியக் குறைந்தது பதினாலரை கிலோ காற்று வேண்டும். ஆனால் டீசல், பெட்ரோலைப் போல முன்கூட்டியே காற்றோடு கலந்து வருவதில்லை. பிஸ்டன் மேலே வந்து முட்டும் நேரத்தில்தான் பீச்சப்படுகிறது. ஒவ்வொரு துளியும் தனக்கான காற்றைத் தேடிப் பிடிக்க அவகாசமே கிடையாது. அதனால் புகையில்லாமல் எரிய 20 கிலோ காற்று கொடுக்க வேண்டும். 3 கிலோ டீசலுக்கு 60 கிலோ காற்று.

சரி, இன்ஜின் தானாக எவ்வளவு காற்று இழுக்கும்? நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் மூச்சு இழுக்கும். 5.9 லிட்டரை 1,500-ஆல் பெருக்கினால் 8,850 லிட்டர். எடையில் பத்தரை கிலோ. தேவை 60 கிலோ, கிடைப்பது பத்தரை. ஏறக்குறைய ஆறு மடங்கு காற்றை அதே ஆறு சிலிண்டருக்குள் திணித்தாக வேண்டும். ஆயிரம் குதிரைத்திறன் வண்டி கட்டுவது என்றால் அடிப்படையில் இதுதான் வேலை.

டீசலைக் கொட்டுவது கஷ்டமே இல்லை. இந்த இன்ஜினில் இருக்கும் பாஷ் பி7100 பம்ப் முழுக்க இயந்திர வேலை. உள்ளே ஆறு பிளஞ்சர், கம்ப்யூட்டர் கிடையாது. நம் கணக்குப்படி ஒவ்வொரு பீச்சலுக்கும் 0.4 மில்லிக்குச் சற்றுக் குறைவான டீசல் போக வேண்டும். இந்தப் பம்ப்பில் சரியாக வேலை பார்த்தால் அதைத் தாராளமாகக் கொடுக்கும். அமெரிக்காவில் டீசல் பந்தயக்காரர்கள் இன்றைக்கும் இதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

இந்த இன்ஜின் குடும்பம் நமக்கு அந்நியம் இல்லை. 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் ஜாம்ஷெட்பூரில் கூட்டு நிறுவனம் தொடங்கின. அங்கே தயாரான 5.9 லிட்டர் இன்ஜின்களைச் சுமந்துகொண்டு எத்தனையோ டாடா லாரிகள் சேலம், நாமக்கல் பக்கம் ஓடியிருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் சங்ககிரியில் ஒரு பம்ப் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பம்ப்பைக் கழற்றிக் கொண்டுவந்து மெஷினில் பூட்டி மோட்டாரால் சுற்றுகிறார்கள். ஆறு நோசல்கள் ஆறு கண்ணாடிக் குழாய்களுக்குள் பீச்சுகின்றன. எண்ணி ஆயிரம் முறை பீச்சியதும் மெஷின் நிற்கிறது. பட்டறைக்காரர் கண்ணைக் குழாய் மட்டத்துக்குத் தாழ்த்தி வரிசையாகப் பார்த்தார். நான்காவது குழாயில் ஒரு நெல்மணி அளவு குறைவு. பம்ப்பில் அந்தக் குழாய்க்குரிய பேரலின் நட்டுகளை இளக்கி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் லேசாக ஒரு தட்டு தட்டி, மறுபடி இறுக்கி ஓட்டினார். ஆறும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன.

"அண்ணே, இதுல டீசலை இன்னும் ஏத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"எவ்வளவு வேணும்னாலும் ஏத்தித் தரலாங்க சார். அதுக்குக் காத்து எங்கிருந்துங்க வரும்?" என்றார்.

நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு அவருக்கு ஒரே வரி.

அந்தக் காற்று டர்போவிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு டர்போ போதாது. ஆறு மடங்கு காற்றுக்கு, வெப்பத்தால் விரிவதையும் சேர்த்தால், 70 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை பூஸ்ட் வேண்டியிருக்கும். நம் கார் டயரில் இருப்பது ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ. அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் இன்ஜினின் மூச்சுக்குழாயில் நிற்க வேண்டும். ஒற்றை டர்போவை இந்த அளவுக்கு விரட்டினால் அது காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதைத்தான் அதிகம் செய்யும்.

அதனால் இரண்டு டர்போ. பக்கத்தில் பக்கத்தில் வைப்பதல்ல, ஒன்றன் வாயில் இன்னொன்று. இதற்குக் காம்பவுண்ட் என்று பெயர். பெரிய டர்போ வெளிக்காற்றை இழுத்து இரண்டரை மடங்கு அழுத்திச் சின்னதன் வாயில் கொடுக்கும். சின்னது அதை இன்னும் இரண்டரை மடங்கு அழுத்தும். இங்கே அழுத்தங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் ஆறேகால். இரண்டில் எதுவும் தன் சக்திக்கு மீறி உழைக்கவில்லை. புகை போகும் பாதை இதற்கு நேரெதிர். சைலன்சர் பக்கம் போகும் வாயு முதலில் சின்னதைச் சுற்றும், மீதமுள்ள வேகத்தில் பெரியதைச் சுற்றும். சின்னது சீக்கிரம் எழுந்துகொள்வதால், பெரியது தூக்கம் கலையும்வரை வண்டி காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் டர்போவைத் தாண்டும்போதே காற்று 140, 150 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். சூடான காற்று இடத்தை அடைக்குமே தவிர எடை இருக்காது. அதனால்தான் பந்தய வண்டிகளில் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு ஐஸ் கட்டி நிரப்பிய தண்ணீர்த் தொட்டியே வைக்கிறார்கள். அதற்கும் மேலே நைட்ரஸ். எடைக்கு எடை பார்த்தால் காற்றில் 23 சதவீதம் ஆக்ஸிஜன், நைட்ரஸ் ஆக்ஸைடில் 36. பாட்டிலிலிருந்து வெளியே வரும்போதே அது காற்றைக் குளிரவும் வைக்கும்.

டீசலுக்குக் காற்றுதான் உயிர் என்பதற்கு இந்த வாரம் எனக்குக் கிடைத்த சாட்சி, 70 ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஒரு பந்தயக் கார். கம்மின்ஸ் நிறுவனம் 1919-ல் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தொடங்கப்பட்டது. வடக்கே 70 கிலோமீட்டர் போனால் இண்டியானாபோலிஸ், 500 மைல் பந்தயத்தின் ஊர். வாசலிலேயே இப்படி ஒரு பந்தயம் இருக்கும்போது நிறுவனர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் சும்மா இருப்பாரா? 1931-ல் ஒரு டீசல் காரை இறக்கினார். டேவ் எவன்ஸ் ஓட்டினார். 500 மைலும் ஒரு முறைகூட பிட்டில் நிற்காமல் ஓடி 13-வதாக முடித்தது. அந்தப் பந்தயத்தில் நிற்காமல் ஓடி முடித்த முதல் கார் அதுதான். அன்று டீசலின் பெருமை சிக்கனம்.

1952-ல் மறுபடி வந்தார்கள். இந்த முறை சிக்கனத்துக்காக அல்ல. 6.6 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை ஏறக்குறையப் படுக்கவைத்துப் பூட்டினார்கள், கார் தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்காக. அதன் மேல் ஒரு டர்போ. இண்டியானாபோலிஸ் தடத்தில் டர்போ பூட்டிய முதல் கார் அது. ஓட்டியவர் ஃபிரெட் அகபாஷியன். தகுதிச் சுற்றில் நான்கு சுற்றுகளின் சராசரி மணிக்கு 138.010 மைல், அதாவது 222 கிலோமீட்டர். பெட்ரோல், மெத்தனால் கார்களையெல்லாம் பின்னால் தள்ளி, ஒரு டீசல் கார் முதல் வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பந்தயம் 200 சுற்று. அந்தக் கார் 71-வது சுற்றோடு வெளியேறியது. பட்டியலில் 27-வது இடம். உடைந்த பிஸ்டன் இல்லை, வெடித்த கேஸ்கெட் இல்லை. டர்போவின் காற்று வாய் காரின் முன்பக்கம், தாழ்வாக இருந்தது. முன்னால் ஓடிய கார்களின் டயரிலிருந்து பிய்ந்த ரப்பர் துணுக்குகளை அது சுற்றுக்குச் சுற்று விழுங்கி, கடைசியில் அடைத்துக்கொண்டது. எல்லோருக்கும் முன்னால் நின்று கிளம்பிய இன்ஜின், மூக்கடைப்பால் நின்றுபோனது.

அதே ஊரில் இப்போது அல்டிமேட் கால்அவுட் சேலஞ்ச் என்ற டீசல் பிக்கப் போட்டி நடக்கிறது. டிராக் ஓட்டம், டைனோ, ஸ்லெட் இழுப்பு என்று மூன்று சோதனைகள். மூன்றையும் ஒரே வண்டி கடக்க வேண்டும். அங்கே டைனோவில் ஏறும் வண்டிக்கும் இதே காற்றுக் கவலைதான்.

டைனோவில் இரண்டு ஜாதி. ஒன்று கனமான உருளை. அதன் எடை தெரியும், வண்டி அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றி எழுப்புகிறது என்பதை வைத்துத் திறனைக் கணக்கிடும். பெட்ரோல் காருக்கு இது போதும். பெரிய டர்போ போட்ட டீசலுக்கு உருளை மட்டும் போதாது. டர்போ எழுந்து பூஸ்ட் கட்டுவதற்குள் உருளை வேகம் எடுத்து ஓட்டமே முடிந்துவிடும். இரண்டாவது ஜாதியில் உருளைக்கு மின்காந்த பிரேக் உண்டு. ஏற்றத்தில் சுமையோடு நிற்கும் லாரியைப் போல வண்டியைப் பிடித்து நிறுத்தி, டர்போ முழுக்க எழுந்த பிறகு விடலாம். நம் வண்டி ஏறப்போவது இதில்தான்.

டைனோ காட்டும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1349 விதிப்படி 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் காற்றழுத்தம் என்று வைத்து எண்ணைத் திருத்துவார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரத்தில், மெலிந்த காற்றில், இந்தத் திருத்தம் எண்ணை 15 சதவீதத்துக்கு மேல் உயர்த்தும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது நியாயம். ஆனால் டர்போ மெலிந்த காற்றையும் கூடுதலாக அழுத்தித் தன் குறையில் பெரும்பகுதியைத் தானே சரிக்கட்டிவிடுகிறது. அதன் மேல் மறுபடி 15 சதவீதம் போடுவது ஒரே கூலியை இரண்டு முறை வாங்குவது. நம் வண்டியின் எண்ணைத் திருத்தாமல்தான் எழுதுவேன்.

ஏற்றியவுடன் முதலில் கை வைப்பது பம்ப்பின் மேல் இருக்கும் ஏ.எஃப்.சி. என்ற சின்னப் பெட்டி. உள்ளே ஒரு டயாஃப்ரம். டர்போவின் பூஸ்ட் வந்து அதை அழுத்தும்வரை முழு டீசலை விடாது. காற்று வந்த பிறகே டீசல் என்ற ஒழுங்கை இந்த ரப்பர் சவ்வுதான் காக்கிறது. வேகமாகக் கிளம்ப வேண்டும் என்று இதை முடக்குகிறவர்கள் உண்டு. உடனே கரும்புகை, பின்னாலேயே புகைவாயுவின் சூடு. அந்தச் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 700 செல்சியஸை, தாண்டி நின்றுகொண்டே இருந்தால் அலுமினிய பிஸ்டன் தாங்காது. கரும்புகையைச் சக்தி என்று நினைப்பது தவறு. காற்று கிடைக்காமல் வீணாய்ப் போன டீசல் அது.

டைமிங்குக்கு இடம் போதவில்லை. 3,000 சுற்றில் 30 டிகிரி என்பது ஒரு நொடியில் 600-ல் ஒரு பங்கு. அதற்குள் எப்போது பீச்சத் தொடங்குவது என்பது தனி அத்தியாயம் கேட்கும் விஷயம். அதை அடுத்த வாரம் முழுசாக எழுதுகிறேன்.

அதுவரை, லாரியோ டிராக்டரோ ஓட்டும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டி ஏற்றத்தில் கரும்புகை கக்கினால் உடனே பம்ப்பைக் கழற்றக் கொடுக்காதீர்கள். முதலில் ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கையால் தடவி, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பம்ப்புக்குப் போவது அதற்கு அப்புறம்.