பழைய கணினிக்குத் திருட்டு விண்டோஸ் வேண்டாம்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. வீட்டுப் பயனாளர்களுக்கு அறிவித்த கூடுதல் அவகாசமும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது. இன்டெல் செயலியாக இருந்தால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வீடுகளில் இன்றும் ஓடும் பல கணினிகள் அந்த வரம்புக்குள் வராது. பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு மடிக்கணினியைத் தம்பி, தங்கைக்குக் கொடுத்துவைத்திருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

இந்த நிலையில் கணினியைக் கடைக்கு எடுத்துப்போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “விண்டோஸ் 11 போட்டுத் தர்றேண்ணே, சும்மா ஓடும்” என்பதுதான். சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். அந்த விலைக்கு உரிமம் வராது என்பது கடைக்காரருக்கும் தெரியும். ‘ஆக்டிவேட்டர்’ என்ற சிறு நிரலை ஓட்டி விண்டோஸை ஏமாற்றுகிறார்கள். அதை ஓட்டுவதற்கு முன் வைரஸ் தடுப்பானை அணைத்துவிடுகிறார்கள். எங்கிருந்து வந்தது, யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்குக் கணினியின் முழுச் சாவியையும் கொடுத்துவிட்டு, அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம்.

சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி-யின்படி குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ அல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. தொழில் நடத்துபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

குற்றாலத்தில் விடுதி நடத்துவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சாரல் காலத்தில் அறை கேட்டு வருவோரிடம் ஆதார் நகல் வாங்குகிறீர்கள். வரவேற்பு மேசைக் கணினியில் ஸ்கேன் செய்து சேமிக்கிறீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வந்துபோகிற குடும்பங்களின் பெயர், முகவரி, படம் எல்லாம் அந்த ஒரு பெட்டியில். அதில் ஓடுவது திருட்டு விண்டோஸ் என்றால், உங்களை நம்பி அடையாள அட்டையை நீட்டியவர்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுகிறீர்கள்.

இதற்குச் செலவில்லாத, சட்டப்படியான வழி லினக்ஸ். பெல் ஆய்வகத்தில் 1969-இல் பிறந்த யூனிக்ஸின் போக்கில், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதி வெளியிட்ட கருநிரல் இது. இதன் உரிமமான ஜிபிஎல், பயன்படுத்தவும் படிக்கவும் மாற்றவும் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. ஒரே பென்டிரைவை வைத்து வீட்டுக் கணினி, மாமா வீட்டுக் கணினி, விடுதிக் கணினி என எல்லாவற்றிலும் நிறுவலாம். கடைக்காரர் நிறுவிக் கொடுத்து உழைப்புக்குக் கூலி வாங்குவதும் நியாயமே.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அது சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமலே படித்து முடித்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போனது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

நிறுவுவதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவையுங்கள். கல்யாணப் படம், பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். ‘எடுத்து வச்சாச்சு’ என்ற கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. மடிக்கணினியில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் ஏதாவது மாற்றியபின் அது அந்தச் சாவியைக் கேட்கலாம். கையில் இல்லாவிட்டால் தரவு போனதுதான்.

லினக்ஸ் வகைகளில் பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது. 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 ஜிபி என்றால் நிம்மதி. அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்தையே ஊடுருவி, கள்ளக் கதவு வைத்த கோப்புக்குச் சுட்டியை மாற்றிவிட்டார்கள். எனவே இறக்கிய கோப்பின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடும் வேலையைத் தவிர்க்காதீர்கள். பிறகு ரூஃபஸ் போன்ற கருவியால் அதை 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும்.

கணினியை இயக்கியதும் எஃப்12 விசையைத் தட்டினால் (சில நிறுவனங்களில் எஃப்9 அல்லது எஸ்கேப்) எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கும். பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு மின்ட்டும் திரையில் வந்துவிடும். இந்த நிலையிலேயே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டரில் ஒரு தாள் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி விண்டோஸுக்கே போகலாம்.

நிறுவும்போது வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா என்று கேட்கும் திரைதான் ஆபத்தானது. அங்கே அவசரப்பட்டால் இருப்பதெல்லாம் போய்விடும். விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் அருகருகே நிறுவும் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் காற்றும் மழையுமான நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வட்டின் பகிர்வுகளை மாற்றும் நடுவில் மின்சாரம் போனால் இரண்டுமே இல்லாமல் போகக்கூடும்.

எல்லாம் லினக்ஸில் ஓடும் என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு மென்பொருளான டாலி விண்டோஸுக்கானது. ஜிஎஸ்டிக்குப் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் சில நேரம் மல்லுக்கட்ட வைக்கும். ஜெராக்ஸ் கடைகளில் காணும் கேனன் எல்பிபி 2900 பிரிண்டரும் அப்படியே; பெரும்பாலான ஹெச்பி பிரிண்டர்கள் தொல்லை தருவதில்லை. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளையும் கையோடு நகலெடுங்கள். லினக்ஸில் நிறுவினால் எழுத்துகள் படிக்க வரும். புதிதாகத் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்தின் ரைட்டர், ஷீட் போன்றவை உலாவியில் ஓடுபவை என்பதால் லினக்ஸிலும் கிடைக்கும். சந்தேகம் வந்தால் கணியம் அறக்கட்டளை லினக்ஸ் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகத் தருகிறது.

கடையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பில் கேளுங்கள். எந்த இயங்குதளம், உரிமம் உண்டா, எவ்வளவு கூலி என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத் தேவை எதுவும் இல்லாமல் பிறருக்கு வெளியிடுவதும் அதே பட்டியலில் வருகிறது. உரிமம் உள்ளது என்று சொல்லித் திருட்டு நகலைப் போட்டாலோ, கவனக்குறைவால் தரவை அழித்தாலோ முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

கணினி வழியாகப் பணம் பறிபோயிருந்தால் மட்டும் இந்த வரிசையில் நிற்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தகவல் போனால்தான் வங்கியால் முடக்கிவைக்க முடியும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் பதிவாகும் வரை அந்தக் கணினியை ஃபார்மேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள்.